ராஸ்பெரி பையால் கதவுப் பூட்டை இயக்குவது: ஒற்றைக் கதவுக்கான முழு வழிகாட்டி

கார்டைக் காட்டினால் கதவு திறக்க வேண்டும். இது இந்த வேலையில் சுலபமான பாதி. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி (இனி 'பை') ஹேங் ஆனால், கரண்ட் போனால், உள்ளே புகை கிளம்பினால் அந்தக் கதவு என்ன செய்யும் என்பது மறுபாதி. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான செய்முறைகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. ரிலே (சிக்னல் வந்தால் இயங்கும் மின் சுவிட்ச்) 'டிக்' என்றதும் வீடியோ முடிந்துவிடும். இங்கே மறுபாதியிலிருந்து தொடங்கலாம். வயரிங் முழுவதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கதவு: சின்ன அலுவலகம், ஆய்வுக்கூடம், படிப்பகம், சர்வர் அறை போன்ற இடம். பூட்டு, கடைகளில் 'ஈ.எம். லாக்' என்று கேட்டால் கொடுக்கும் மின்காந்தப் பூட்டு. மருத்துவமனை, திருமண மண்டபம், நூறு பேர் தங்கும் விடுதி ஆகியவற்றின் வெளியேறும் வழிகளுக்கு இதைச் செய்யாதீர்கள். அங்கே சான்றிதழ் பெற்ற கன்ட்ரோல் பேனல்தான் சரி, தீயணைப்புத் துறையும் அதைத்தான் கேட்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பை தேவையே இல்லை, ஈ.எஸ்.பி.32 என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு போதும். யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு, நேரக் கட்டுப்பாடு, கார்டுகளின் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால்தான் பை வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பூட்டைத் தேர்வு செய்தல்

மின்பூட்டுகள் கரண்ட் போனால் என்ன ஆகின்றன என்பதை வைத்து இரண்டு வகை. ஈ.எம். லாக்கில் கரண்ட் இருக்கும்வரைதான் பிடிப்பு, போனால் கதவு திறந்துவிடும். எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் என்ற வகை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அதில் கரண்ட் கொடுத்தால்தான் வெளியிலிருந்து திறக்கும். உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பி எப்போதும் வெளியே வரலாம். நல்ல கைப்பிடிப் பூட்டு உள்ள மரக்கதவுக்கு ஸ்ட்ரைக்தான் அழகு. ஆனால் கண்ணாடிக் கதவுக்கும் அலுமினியக் கதவுக்கும் ஈ.எம். லாக் பொருத்துவது எளிது, எங்கும் கிடைக்கவும் செய்கிறது. அதனால்தான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒற்றைக் கதவுக்கு 280 கிலோ பிடிப்பு என்று போட்டிருப்பது போதும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய அரை ஆம்பியர் இழுக்கும். காந்தத்தைச் சட்டத்திலும் இரும்புத் தகட்டைக் கதவிலும், இரண்டையும் அறையின் உட்பக்கமாக மாட்ட வேண்டும். கதவு உள்நோக்கித் திறந்தால் 'இசட்-எல்' பிராக்கெட் தனியாக வாங்க வேண்டியிருக்கும். தகட்டை இறுக்கித் திருகிவிடாதீர்கள். நடுவில் உள்ள ரப்பர் வாஷரின் மேல் அது கொஞ்சம் அசைய வேண்டும், அப்போதுதான் காந்தத்தின் முகத்தில் சமமாகப் படியும். ஒரு காகிதத் தடிமன் இடைவெளி விழுந்தாலும் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பூட்டு இழுத்தால் வந்துவிடுகிறது என்ற புகாருக்கு இறுக்கிய தகடுதான் அடிக்கடி காரணம்.

கதவில் ஏற்கெனவே இருக்கும் சாவிப் பூட்டைக் கழற்ற வேண்டாம். நீண்ட விடுமுறையில் கரண்டும் போய் பேட்டரியும் தீர்ந்தால் ஈ.எம். லாக் வெறும் இரும்பு. ஆள் இல்லாத நாட்களில் சாவியால் பூட்டிவிட்டுப் போங்கள். உள்ளே ஆள் இருக்கும்போது மட்டும் சாவிப் பூட்டைத் தொடாதீர்கள்.

வாங்க வேண்டியவை

ராஸ்பெரி பை 4 அல்லது 3. பை 5-லும் இதே வேலை நடக்கும், மென்பொருள் பற்றிப் பேசும்போது அதில் ஒரு வித்தியாசம் வரும். பேட்டரி இணைப்புடன் வரும் 12 வோல்ட் 'ஆக்சஸ் கன்ட்ரோல்' பவர் சப்ளை, 3 ஆம்பியர் கொடுப்பது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரி. 12-இலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வெர்ட்டர். ஒற்றை ரிலே மாட்யூல், எந்தச் சிக்னலுக்கு இயங்க வேண்டும் என்று மாற்றும் 'ஹை-லோ' ஜம்பர் உள்ளது. வீகண்ட் 26 (கார்டு எண்ணை 26 பிட்டாக இரண்டு வயரில் அனுப்பும் முறை) வெளியீடு உள்ள கார்டு ரீடர். 5 வோல்ட் சிக்னலை 3.3 வோல்ட்டுக்கு மாற்றும் நான்கு சேனல் லெவல் கன்வெர்ட்டர். 1என்4007 டையோடு. எக்ஸிட் பட்டன், பச்சை நிற அவசரத் திறப்புப் பெட்டி, கதவுக் காந்த சென்சார், டோர் க்ளோசர், 1 மற்றும் 2 ஆம்பியர் ஃபியூஸ், டி.எஸ்.3231 கடிகார மாட்யூல். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும்.

ஆர்.சி.522 என்ற மலிவான ரீடர் போர்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மேசை மேல் கற்றுக்கொள்ள அது அருமையானது. ஆனால் அது பேசுவது சிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பேசும் எஸ்.பி.ஐ. முறை, அந்தச் சிக்னல் நீண்ட வயரில் தாங்காது. அதைக் கதவுக்கு வெளியே மாட்டினால் பையையும் பக்கத்திலேயே வைக்க வேண்டிவரும். பையும் ரிலேயும் ஒருபோதும் வெளிப்பக்கம் இருக்கக் கூடாது. வெளியே ரீடர் மட்டும்.

படி 1: பூட்டுக்குப் போகும் வயர்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பவர் சப்ளையின் 12 வோல்ட் பிளஸ் முதலில் 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் போகட்டும். அங்கிருந்து அவசரத் திறப்புப் பெட்டியின் என்.சி. முனை (சும்மா இருக்கும்போது இணைந்திருந்து, இயக்கினால் துண்டிக்கும் முனை), பிறகு எக்ஸிட் பட்டனின் என்.சி. முனை, பிறகு ரிலேயின் காமன் (பொது முனை), என்.சி. முனைகள், கடைசியில் பூட்டின் பிளஸ். பூட்டின் மைனஸ் நேராக சப்ளைக்குத் திரும்பும். எல்லாம் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக. கட்டடத்தில் ஃபயர் அலாரம் பேனல் இருந்தால் அதன் ரிலேயும் இதே வரிசையில் சேர வேண்டும்.

இப்படிச் செய்தால் இந்த வரிசையில் யார் எந்த இடத்தில் துண்டித்தாலும் கதவு திறக்கும். பையும் அப்படித் துண்டிக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். அதனால் திறக்க முடியும், இன்னொருவர் திறப்பதைத் தடுக்க முடியாது. எக்ஸிட் பட்டனைப் பையில் செருகி, பட்டன் அழுத்தினால் புரோகிராம் ரிலேயை இயக்கும்படி செய்பவர்கள் நிறையப் பேர். புரோகிராம் நின்றுபோன அன்று உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார். வெளியேறும் கதவு சாவியின்றி உள்ளிருந்து திறக்க வேண்டும் என்பது இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது. மென்பொருள் நடுவில் நிற்கும் பட்டன் அந்த விதியின் கருத்துக்கே எதிரானது. பட்டன் அழுத்தியதையும் பதிவில் சேர்க்க விரும்பினால் இரட்டைத் தொடர்பு உள்ள பட்டனாக வாங்கி, இரண்டாவது தொடர்பை மட்டும் பைக்குக் கொடுங்கள்.

ரிலேயில் என்.சி.யா, என்.ஓ.வா (சும்மா இருக்கும்போது துண்டித்திருந்து, இயக்கினால் இணையும் முனை)? என்.சி. போட்டால் பை செத்துப்போனாலும் கதவு பூட்டியே இருக்கும், உள்ளிருப்பவர் பட்டனால் வெளியேறலாம். என்.ஓ. போட்டால் பை செத்ததும் கதவு திறந்துவிடும். நான் என்.சி. பக்கம். ஆனால் அறைக்கு ஒரே கதவு என்றால், பை செத்த அன்று எல்லோரும் வெளியே நின்றால் எப்படி உள்ளே போவது என்ற கேள்வி வரும். பவர் சப்ளையையும் பேட்டரியையும் அந்த அறைக்குள் வைக்காமல், கட்டடத்தின் வேறொரு பூட்டிய அறையிலோ இரும்புப் பெட்டியிலோ வையுங்கள். பொறுப்பாளர் அதைத் திறந்து ஃபியூஸை எடுத்தால் கதவு திறக்கும். வெளிச்சுவரில் ஓர் அவசரச் சாவி சுவிட்ச் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அந்த வயரை வெட்டினாலே பூட்டு விட்டுவிடும். பூட்டின் வரிசையில் உள்ள எந்த வயரும் வெளிப்பக்கம் எட்டக்கூடாது.

டையோடைப் பூட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே, வெள்ளைக் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வரும்படி போடுங்கள். திருப்பிப் போட்டால் ஃபியூஸ் போகும். பூட்டின் சுருளில் கரண்ட் நிற்கும் கணத்தில் எதிர் மின்னழுத்தம் ஒன்று பாயும், அது ரிலே முனைகளைத் தின்னும், பையையும் ரீஸ்டார்ட் ஆக்கும். சில பூட்டுகளில் இதற்கான பாதுகாப்பு உள்ளேயே இருக்கும், அதன் தாளைப் பாருங்கள். டையோடு போட்டால் பூட்டு விடுவது ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமாகலாம், அதில் பாதகம் இல்லை.

படி 2: மின்சாரம்

பூட்டுக்கு 0.5 ஆம்பியர். பை 12 வோல்ட் பக்கத்திலிருந்து 0.3 அளவுக்கு எடுக்கும். ரீடர் 0.1. மொத்தம் 0.9 ஆம்பியர் என்று வையுங்கள். 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். நடைமுறையில் புதிய பேட்டரியே அவ்வளவு தராது, கொஞ்சம் பழசானால் நான்கு ஐந்து மணி நேரம் என்று எதிர்பாருங்கள். மாதாந்தரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை வரும் ஊரில் இருந்தால் பெரிய பேட்டரி வாங்குவது நல்லது.

பக் கன்வெர்ட்டரைப் பையோடு இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்துத் திருகைத் திருப்பி 5.1 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடையிலிருந்து வரும்போது அது எந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பையின் பாதைக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ். பை 4-க்குப் பரிந்துரைக்கப்படுவது 5 வோல்ட் 3 ஆம்பியர், அதைத் தாராளமாகத் தரும் கன்வெர்ட்டராக எடுங்கள். எல்.எம்.2596 போர்டுகள் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அந்த அளவில் நன்றாகச் சுடும்.

படி 3: ரிலேயைப் பையோடு இணைத்தல்

பையின் பின்கள் (போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக இணைப்பு முனைகள்) 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். 5 வோல்ட் நேரடியாகப் பட்டால் சிப் போய்விடும். ஒரு பின்னிலிருந்து சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம், அதனால்தான் நடுவில் ரிலே மாட்யூல்.

ரிலே மாட்யூலின் மின்சாரம் பையின் 2-வது பின்னிலிருந்து 5 வோல்ட், கிரவுண்ட் 6-வது பின், சிக்னல் ஜிபிஐஓ 17 (புரோகிராமால் இயக்கக்கூடிய பின்களுக்கு ஜிபிஐஓ என்று பெயர்), அதாவது 11-வது பின். ஜம்பரை 'ஹை' பக்கம் வையுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. பை துவங்கும்போது, உங்கள் புரோகிராம் இன்னும் ஓடத் தொடங்காத அந்த அரை நிமிடத்தில், ஜிபிஐஓ 9 முதல் 27 வரை உள்ள பின்கள் இயல்பாகவே கீழ்நோக்கி ('லோ', 0 வோல்ட்) இழுக்கப்பட்டிருக்கும். 0 முதல் 8 வரை மேல்நோக்கி ('ஹை', 3.3 வோல்ட்). 'லோ' வந்தால் இயங்கும் ரிலேயை 17-இல் மாட்டினால், பை ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் கதவு திறந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு. மேசையில் சோதிக்கும்போது இது கண்ணில் படாது, மின்தடைக்குப் பிறகுதான் தெரியும். 'லோ' மாட்யூல்தான் கையில் இருக்கிறது என்றால் ஜிபிஐஓ 5 அல்லது 6-க்கு மாறுங்கள். அப்போதும் 3.3 வோல்ட்டில் அது முழுதாக அணைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவுச் சென்சாரின் ஒரு வயர் ஜிபிஐஓ 27 (13-வது பின்), மற்றொன்று கிரவுண்ட். பின்னை மேல்நோக்கி இழுத்து வைக்கும், பைக்குள்ளேயே இருக்கும் புல்-அப்பைப் புரோகிராமில் இயக்கினால் போதும்.

படி 4: ரீடர்

வீகண்ட் பழைய முறை, ஆனால் எளிமையானது. இரண்டு டேட்டா வயர்கள், இரண்டும் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில் நிற்கும். டி0 வயர் ஒரு கணம் கீழே இறங்கினால் அது 0, டி1 இறங்கினால் 1. வழக்கமான நிறங்கள்: சிவப்பு 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சை டி0, வெள்ளை டி1. நிறத்தை நம்பாமல் ரீடரின் தாளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ரீடரின் கிரவுண்டும் பையின் கிரவுண்டும் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும்.

லெவல் கன்வெர்ட்டரின் 5 வோல்ட் பக்கத்தில் பச்சையும் வெள்ளையும் வரட்டும். 3.3 வோல்ட் பக்கத்திலிருந்து டி0 ஜிபிஐஓ 23-க்கும் (16-வது பின்), டி1 ஜிபிஐஓ 24-க்கும் (18-வது பின்) போகட்டும். ரெசிஸ்டர் இரண்டை வைத்து வோல்ட்டேஜைப் பிரித்தும் செய்யலாம். ஆனால் சில ரீடர்களின் வெளியீடு பலவீனமான புல்-அப் கொண்டது, பிரித்தால் சிக்னல் மேலே ஏறவே ஏறாது. கன்வெர்ட்டர் சில ரூபாய்தான்.

படி 5: பையைத் தயார் செய்தல்

எஸ்.டி. கார்டில் இயங்குதளத்தை எழுதித் தரும் ராஸ்பெரி பை இமேஜரில் 'லைட்' பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், திரை தேவையில்லை. வேறொரு கணினியிலிருந்து பைக்குள் நுழைவதற்கான எஸ்.எஸ்.எச். சாவிக் கோப்பை அங்கேயே கொடுத்து, பாஸ்வேர்டு வழி நுழைவை நிறுத்திவிடுங்கள். பழைய 'பை' என்ற பயனர்பெயரும் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பாஸ்வேர்டும் 2022 ஏப்ரலுக்குப் பிறகு வரும் பதிப்புகளில் இல்லை. பழைய எஸ்.டி. கார்டை எடுத்துப் பயன்படுத்துபவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பைத்தானில் எழுதுங்கள். பின்களுக்கு ஜிபிஐஓ சீரோ, எல்ஜிபிஐஓ என்ற இரண்டு நூலகங்கள். பழைய பாடங்களில் வரும் ஆர்.பி.ஐ. ஜிபிஐஓ நூலகம் பை 5-இல் வேலை செய்யாது, அதில் பின்களைக் கவனிப்பது ஆர்.பி.1 என்ற தனிச் சிப். எல்ஜிபிஐஓ எல்லாப் பைகளிலும் ஓடும். அதோடு, ஒவ்வொரு சிக்னல் இறக்கத்துக்கும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) குறித்த நேரத்தையும் சேர்த்துத் தரும். வீகண்டில் பிட்டுகளுக்கு இடையே ஒன்றிரண்டு மில்லி நொடிதான். பைத்தான் சற்றுத் தடுமாறினாலும் அந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

படி 6: புரோகிராமின் நடை

டி0, டி1 இரண்டிலும் சிக்னல் இறங்குவதைக் கவனித்து, 0 அல்லது 1-ஐ நேரத்தோடு ஒரு பட்டியலில் சேருங்கள். 50 மில்லி நொடி அமைதி வந்தால் ஒரு கார்டு முடிந்தது என்று பொருள். எண்ணிப் பாருங்கள், 26 பிட் இல்லை என்றால் தூக்கிப் போடுங்கள். கீபேட் உள்ள ரீடர் ஒவ்வொரு விசைக்கும் 4 அல்லது 8 பிட் அனுப்பும், அதைத் தனியாகக் கையாளலாம்.

26 இருந்தால் பிழை பாருங்கள். முதல் 13 பிட்டில் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படை, கடைசி 13-இல் ஒற்றைப்படை. சரியாக வந்தால் இரு ஓரத்துப் பிட்டுகளையும் கழற்றிவிடுங்கள். மீதி 24-இல் முதல் 8 இட எண், அடுத்த 16 கார்டு எண். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டின் மேல் 0004523611 என்றும் 069,01627 என்றும் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றேதான்: 69-ஐ 65536-ஆல் பெருக்கி 1627 கூட்டினால் 4523611. எந்தக் கார்டும் இந்தப் பிழைச் சோதனையைத் தாண்டவில்லை என்றால், முதலில் டி0, டி1 வயர்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கார்டுகளை எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸின் அட்டவணையில் வையுங்கள்: இட எண், கார்டு எண், பெயர், செயலில் உள்ளதா, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் வரிசையை அழிக்காமல் 'செயலில் இல்லை' என்று மாற்றுங்கள். அழித்தால் பழைய பதிவுகளில் அந்த எண் யாருடையது என்று தெரியாமல் போகும்.

அனுமதி உள்ள கார்டு என்றால் ரிலே ஐந்து நொடி இயங்கட்டும். 'ஐந்து நொடி தூங்கு' என்று எழுதாதீர்கள். புரோகிராமே தூங்கினால் அதற்குள் வரும் அடுத்த கார்டையும் கதவுச் சென்சாரையும் தவறவிடும். டைமர் வையுங்கள். கதவு முப்பது நொடிக்கு மேல் திறந்தே இருந்தால் ஒரு பஸ்ஸர். கார்டும் இல்லை, எக்ஸிட் பட்டனும் இல்லை (பட்டனின் இரண்டாவது தொடர்பைப் பைக்குக் கொடுத்திருந்தால்தான் இது தெரியும்), ஆனால் கதவு திறந்திருக்கிறது என்றால் அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். மொத்தப் பதிவேட்டிலும் பிறகு பிரயோஜனப்படும் வரி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

படி 7: நிற்காமல் ஓட வைத்தல்

புரோகிராமை சிஸ்டம்-டி (பையில் புரோகிராம்களைத் துவக்கிக் கவனித்துக்கொள்ளும் அமைப்பு) சேவையாக வைத்து, எக்காரணத்தால் நின்றாலும் இரண்டு நொடியில் மறுபடி துவங்கும்படி அமையுங்கள். பையில் ஹார்டுவேர் வாட்ச்டாக் (கணினி பதில் தராவிட்டால் அதை ரீஸ்டார்ட் செய்யும் டைமர்) உண்டு. சிஸ்டம்-டி அமைப்பில் அதற்கு 10 நொடி கொடுத்தால், பை முழுதாக உறைந்தாலும் தானே ரீஸ்டார்ட் ஆகும். 15 நொடிக்கு மேல் கொடுப்பது வேண்டாம், பழைய பைகளின் வாட்ச்டாக்கால் அவ்வளவு எண்ண முடியாது.

எஸ்.டி. கார்டு கெட்டுப்போவதுதான் பையின் நிரந்தர நோய். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு சிதையும். ராஸ்பி-கான்ஃபிக் மெனுவில் ஓவர்லே முறையை இயக்கினால் முதன்மைப் பகுதியில் எதுவும் எழுதப்படாது. ஆனால் அதே காரணத்தால் ரீஸ்டார்ட் ஆனதும் புதிய கார்டுகளும் பதிவுகளும் மறைந்துபோகும். ஆகவே டேட்டாபேஸை ஒரு சிறிய பென் டிரைவில் வையுங்கள்.

பை 4 வரை உள்ள பைகளில் கடிகாரம் இல்லை. இணையம் இல்லாமல் துவங்கினால் நேரம் தப்பாக இருக்கும், 'காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை' என்ற விதி அர்த்தமிழந்துவிடும். டி.எஸ்.3231-ஐ 3, 5-வது பின்களில் மாட்டுங்கள். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, அதற்குரிய பேட்டரியை மட்டும் வாங்க வேண்டும்.

எவ்வளவு பாதுகாப்பு?

125 கிலோஹெர்ட்ஸ் கார்டு தன் எண்ணைக் கேட்பவர் எவருக்கும் சொல்லிவிடும். அதை நகலெடுக்கும் கருவி மலிவாகக் கிடைக்கிறது. மைஃபேர் கிளாசிக் என்ற இன்னொரு கார்டு வகையின் ரகசியக் குறியீட்டு முறையை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். அதிலும் பல வீகண்ட் ரீடர்கள் அந்தக் குறியீட்டைத் தொடுவதே இல்லை, கார்டின் அடையாள எண்ணில் 24 பிட்டை மட்டும் படித்து அனுப்புகின்றன. ரீடரைச் சுவரிலிருந்து கழற்றி அதன் இரண்டு வயரில் ஒட்டுக் கேட்டாலும் எண்கள் கிடைக்கும்.

படிப்பகத்துக்கு இது போதும். விலையுயர்ந்த பொருள் உள்ள அறைக்குக் கீபேட் ரீடர் வாங்கி, கார்டோடு ஒரு ரகசிய எண்ணும் கேளுங்கள். அதற்கும் மேலே வேண்டுமானால் வலுவான மறையீடு உள்ள டெஸ்ஃபயர் கார்டும், ஆர்.எஸ்.485 வழியாக மறையீட்டுடன் பேசும் ஓ.எஸ்.டி.பி. ரீடரும் இருக்கின்றன. அந்த நிலைக்கு வந்துவிட்டால் பையை விட்டுவிட்டு முழுப் பேனலே வாங்கலாமா என்று யோசிக்கலாம்.

வெளியூரிலிருந்து திறக்க வேண்டும் என்ற ஆசையில் ரூட்டரில் போர்ட் திறந்து வைக்காதீர்கள். அவசியம் என்றால் வயர்கார்டு வி.பி.என். (மறையீடு செய்த தனிப்பட்ட இணைப்பு) வழியாக மட்டும்.

படி 8: சோதனை

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொருவரைத் துணைக்கு வைத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பையின் கரண்டைப் பிடுங்குங்கள்: பூட்டு பிடித்திருக்க வேண்டும், எக்ஸிட் பட்டன் திறக்க வேண்டும். மீண்டும் செருகுங்கள்: பை துவங்கி முடியும்வரை ரிலே ஒருமுறைகூட 'டிக்' என்னக் கூடாது. மெயின் கரண்டை நிறுத்துங்கள்: பை ரீஸ்டார்ட் ஆகாமல் பேட்டரிக்கு மாற வேண்டும். பேட்டரியையும் கழற்றுங்கள்: பூட்டு விட வேண்டும். புரோகிராமை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள், அவசரப் பெட்டியை அழுத்துங்கள், பூட்டை இருபது முப்பது முறை தொடர்ந்து திறந்து மூடிப் பை தடுமாறுகிறதா பாருங்கள். ஏதாவது ஒன்று தவறினாலும் அது சரியாகும்வரை கதவை ஆட்களின் பயன்பாட்டுக்கு விட வேண்டாம்.

பேட்டரியின் மேல் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் அதை மாற்ற வேண்டிவரும். மாதம் ஒருமுறை மெயினை நிறுத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பேட்டரி வோல்ட்டேஜைக் குறித்து வையுங்கள். அவசரப் பெட்டியையும் அன்றே ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடலாம்.